கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வரவில்லையா? அறுந்த இடத்தைத் தேடும் முறை

முதலில், செய்யக் கூடாத ஒன்று. ரவுட்டரின் பின்பக்கம் 'ரீசெட்' என்று எழுதிய சின்னத் துளை இருக்கும். நெட் நின்றதும் குண்டூசியைத் தேடி எடுத்து அதற்குள் விடாதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. ரீசெட் செய்தால் இணைப்பு கொடுத்தவர் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண், வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோகும். ஒரு கம்ப்யூட்டரில் இருந்த கோளாறு வீட்டிலுள்ள எல்லாருக்கும் வந்துவிடும். அப்புறம் ஆள் வந்து உட்கார்ந்து பதிந்து கொடுத்தால்தான் உண்டு.

கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போக நெட் நாலைந்து கை மாறுகிறது: கம்ப்யூட்டரின் லேன் அல்லது வைஃபை, அங்கிருந்து கேபிள், பிறகு ரவுட்டர், அதற்கடுத்து பைபர் பெட்டி, கடைசியில் தெருக் கம்பத்துக்குப் போகும் பைபர். எந்தக் கையில் நின்றது என்று தெரியும் வரை எந்த செட்டிங்கையும் தொடாமல் இருப்பது நல்லது. தெரியாமல் மாற்றினால் பழைய கோளாறோடு புதுசும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டுக்கே இல்லையா, கம்ப்யூட்டருக்கு மட்டுமா?

இதைப் போனில் பார்க்கலாம். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் நின்றுபோனால் போன் சத்தமே இல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். 'போன்ல வருதே' என்று நம்பி கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

போனிலும் வரவில்லை என்றால் பைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். 'பான்' (PON) என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு எரியவே கூடாது. அது சிவப்பாக மினுக்கினால் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை. சுவர் ஓரம் வரும் மெல்லிய பைபர் கயிறு அலமாரிக்கு அடியில் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பைபர் உள்ளே கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். பச்சை முனையைக் கழற்றி ஊதிப் பார்ப்பது, முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். சிவப்பு விளக்கு நிற்கவில்லை என்றால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுவதைத் தவிர வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

விளக்கெல்லாம் சரியாக இருந்தும் அரை மணிக்கொரு தடவை அறுந்து அறுந்து வந்தால் பெட்டியின் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டராக இருக்கும். வயதானால் விளக்கு எரிகிற அளவுக்கு மின்சாரம் கொடுக்கும், வேலை செய்கிற அளவுக்குக் கொடுக்காது. மாற்றும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரின் பின் அழகாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகினால் பெட்டியோடு போச்சு.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கேபிள்

சிபியுவின் பின்னால் லேன் கேபிள் செருகிய இடத்தில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். இரண்டும் இருட்டாக இருந்தால் விண்டோஸில் என்ன தட்டினாலும் பயனில்லை. கேபிளைக் கழற்றி 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை மறுபடி செருகுங்கள். முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் உள்ளே இருப்பது போலத் தெரியும், மேசை அசைந்தால் நழுவிவிடும். ரவுட்டர் பக்கத்தில் வேறு லேன் துளையில் மாற்றிப் பாருங்கள். வேன் (WAN) என்று எழுதிய துளை, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருப்பது, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கானது. வீடு பெருக்கித் துடைத்த மறுநாள் நெட் வரவில்லை என்றால் கேபிள் இந்தத் துளைக்கு மாறிப்போயிருக்கலாம். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ரவுட்டரிலேயே செருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: தகவல் வட்டமடித்துச் சுற்றி வீடு முழுக்க நெட்டை முடக்கிவிடும்.

துளை மாற்றியும் விளக்கு வரவில்லை என்றால் வேறு கேபிள். புதிதாக வாங்கும் முன் டிவியிலோ வேறு எதிலோ ஓடிக்கொண்டிருக்கும் கேபிளைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டு ஒயர்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும். அதனால் எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ நீல ஒயரோ பழுப்பு ஒயரோ அறுந்தால் நெட் பெரும்பாலும் நிற்காது, வேகம் மட்டும் 100க்குள் அடங்கிவிடும். 300 பிளான் போட்டும் வேகச் சோதனையில் 94, 95க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? பிளானைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்.

முனை புதிதாக அடிக்கிறவர்களுக்கு, நாக்கு கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை வைக்காமல், இரண்டு ஜோடியையும் பிரிக்காமலே அடுத்தடுத்து வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கருப்புத் திரையில் நாலு கேள்வி

விளக்கு எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை. இப்போது விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் சிஎம்டி (cmd) என்று அடித்து என்டர் தட்டுங்கள். கருப்புத் திரை திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வரும் வரிகளில் ஐபிவி4 முகவரி, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டரின் முகவரி) என்ற இரண்டு மட்டும் போதும்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்து பதில் வராததால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அதை வைத்து வெளியே போக முடியாது. நம் ஊரில் கரண்ட் போய் வந்ததும் இது சகஜம்: கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ரவுட்டர் விளக்குகள் நிலைக்கும் வரை பொறுத்திருந்து ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் (ipconfig /release), அது முடிந்ததும் ஐபிகான்ஃபிக் /ரினியூ (ipconfig /renew) என்று அடியுங்கள். அப்போதும் 169.254 என்றால் ரவுட்டரையும் பைபர் பெட்டியையும் சுவிட்சில் அணைத்து, 30 வினாடி கழித்து பைபர் பெட்டியை முதலிலும் ரவுட்டரைப் பிறகும் போடுங்கள்.

முகவரி சரி என்றால் கேட்வேயைக் கூப்பிட்டுப் பாருங்கள். கேட்வே 192.168.1.1 என்று காட்டினால், பிங் (ping) 192.168.1.1 என்று அடியுங்கள். நான்கு வரி பதில் வரும். இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு. கடைசியில் 'நான்கு அனுப்பினேன், நான்கு வந்தது, இழப்பு 0' என்று இருந்தாலும் மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று இருந்தால், பதில் சொன்னது உங்கள் கம்ப்யூட்டரேதான். அந்த வரியில் இருக்கும் முகவரியும் உங்களுடையதாக இருக்கும். ரவுட்டரை எட்டவே இல்லை. 'டைம்=1எம்எஸ்' போல மில்லிசெகண்ட் கணக்கு வந்தால்தான் எட்டியதாகக் கணக்கு.

ரவுட்டர் பதில் சொல்லிவிட்டால் அடுத்து வெளியே: பிங் 8.8.8.8. இது கூகிளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது. இதற்குப் பதில் வராமல் ரவுட்டருக்கு மட்டும் வந்தால், போனிலோ நெட் நன்றாக ஓடினால், கம்ப்யூட்டருக்கு யாரோ கையால் முகவரி போட்டுக் கேட்வேயைத் தப்பாக வைத்திருக்கலாம். பழைய இணைப்பை மாற்றிய வீடுகளில் இது அடிக்கடி மாட்டும். நெட்வொர்க் அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் ஐபிவி4ஐத் திறந்து முகவரி, டிஎன்எஸ் இரண்டையும் 'தானாகப் பெறு' என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். விபிஎன் ஆப் அல்லது ஆன்டிவைரஸின் ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

நான்காவது: பிங் கூகிள்.காம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் பாதை முழுசாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் செத்திருக்கிறது. ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) அடித்துப் பாருங்கள். போதாவிட்டால் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, அதன் கீழே 1.1.1.1 போடுங்கள்.

நான்கும் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை

மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பிரவுசர் எல்லாப் பக்கத்தையும் 'பாதுகாப்பில்லை' என்று தடுத்துவிடும். பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரம் அதற்கு வெளியே நிற்கிறது. தேதியைச் சரிசெய்தால் அந்த நொடியே நெட் வரும். ஆனால் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் தேதி திரும்பிப் போனால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி, கடிகாரக் கடையில் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்து மேலே தெரியும்படி மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் அமைப்பு) பகுதியைத் திறந்து, கையால் போட்ட ப்ராக்ஸி இருந்தால் அணையுங்கள். அலுவலக வேலைக்குப் போட்டதோ, இலவச சாஃப்ட்வேரோடு ஒட்டி வந்ததோ அங்கே உட்கார்ந்திருக்கும்.

வைஃபை என்றால்

வீட்டு வைஃபை பெயர் பட்டியலிலேயே இல்லை, பக்கத்து வீட்டுப் பெயர்கள் மட்டும் தெரிகின்றன என்றால் உங்கள் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய யுஎஸ்பி டாங்கிள்களுக்கு (வைஃபை பிடிக்க யுஎஸ்பி துளையில் செருகும் சின்னக் கருவி) 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 2.4ஐயும் இயக்கி, சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். 12, 13இல் வைத்தால் சில டாங்கிள்கள் தேடவே தேடாது. பெயர் தெரிந்தும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யுபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய அடாப்டருக்கு டபிள்யுபிஏ2 வேண்டும்.

சிபியுவின் பின்னால் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் டாங்கிளைச் செருகியிருந்தால் சிக்னல் பாதியாகிவிடலாம். அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். போதாததற்கு இரும்புப் பெட்டி குறுக்கே நிற்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். வேகம் எகிறும்.

டிரைவர், கடைசி மருந்து

ஐபிகான்ஃபிக்கில் எந்த அடாப்டரும் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் மேல் வலது க்ளிக் செய்து அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து போடுவது போதாது: விண்டோஸ் 10, 11இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான், டிரைவர் (அடாப்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) பழைய நிலையிலேயே எழும்.

புது டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானே புரிந்துகொள்ளும். அதில் டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருபவற்றின் பக்கம் போகாதீர்கள்.

அடாப்டர் தெரிகிறது, டிரைவரும் சரி, விளக்கு மட்டும் இல்லை: பிளக்கைப் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றி, பவர் பட்டனை 20 வினாடி அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் மயங்கிக் கிடக்கும் லேன் சிப் பல தடவை இதிலேயே எழுந்துவிடும்.

கடைசியாக, கருப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட் (netsh winsock reset), அடுத்து நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட் (netsh int ip reset), பிறகு ரீஸ்டார்ட். செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்' இதைவிடப் பெரியது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இடி மின்னலுக்கு மறுநாள் விளக்கே வராமல், வேறு கேபிளிலும் அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் லேன் சிப் எரிந்திருக்கும். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினால் போதும். உள்ளே இடம் இருந்தால் பிசிஐஇ லேன் கார்டு. கிகாபிட் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல 100 மட்டும்தான் தரும்.