சுருக்கத்தை வாசித்துவிட்டு நாவலை வாசித்ததாக நினைக்காதீர்கள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் நாவல் வாசிக்கிறவர்கள் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். போன மாதம் மூதூரிலிருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்தாள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் ஐந்து நாளில் முடித்துவிட்டதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். அதில் வரும் மணிமேகலையைப் பிடித்ததா என்று கேட்டேன்.

“அது ஆர் சேர்?”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். ஒரே புத்தகம், 300 பக்கம்கூட வராது. சுருக்கம் என்று சொன்னதும், “கதை அதுதானே சேர்?” என்றாள்.

அவள் வயதில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். தினமும் பத்துப் பக்கம் வாசியுங்கள், போனைத் தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாவல் வாசிக்கிறவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சுருக்கப் பதிப்பை முழு நூல் என்று நம்புவது

எனக்குப் பதினாறு வயதில் விக்டர் ஹியூகோவின் ‘லே மிஸராபிள்’ ஒரு சின்னப் புத்தகமாகக் கிடைத்தது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த அதே கதை. என் கையில் கிடைத்தது வேறு யாரோ மாணவர்களுக்கென்று சுருக்கி எழுதியது. அட்டையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

ரொட்டி திருடிய ஜான் வால்ஜான் 19 வருடம் சிறையிருந்து வெளியே வருகிறான். ஒரு பிஷப் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறார். இவன் அவருடைய வெள்ளிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பொலிஸ் பிடித்து வந்து நிறுத்தும்போது, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லி, வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். இவ்வளவும் நாலு பக்கத்தில் முடிந்தது. நல்ல மனுஷன், கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். வாசித்த புத்தகம்தானே என்று 18 வருடம் முழு நூலைத் தொடவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கும் அந்த நாலு பக்கத்தைத்தான் சொன்னேன்.

பிறகு ஒரு கச்சான் காற்றுக் காலம். வெளியே கால் வைக்க முடியாத வெக்கை. ஆங்கிலத்தில் முழு நூலை எடுத்து உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாகப் போகிறது, வால்ஜானைக் காணவில்லை. தொடக்கம் முழுக்க அந்த பிஷப்தான். அவர் இருப்பது பெரிய அரண்மனை. பக்கத்து ஆஸ்பத்திரியில் 26 நோயாளிகள் ஐந்தாறு சிறிய அறைகளில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களை அரண்மனைக்கு மாற்றிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் குடிபோகிறார். சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைகளுக்குப் போகிறது. இப்படி எல்லாவற்றையும் விட்டவருக்கு ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. ஆறு பேருக்கான வெள்ளிக் கத்தி, முள்ளுக்கரண்டி, ஒரு சூப்புக் கரண்டி. வெள்ளியில் சாப்பிடுவதை விடுவது கஷ்டம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். மெழுகுதிரித் தண்டுகள் வயதான உறவினர் ஒருத்தி விட்டுப்போனவை.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் திருட்டு வந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவர் தனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். சுருக்குகிறவர் முதலில் கத்தி வைப்பது கதை நகராத இடத்தில். அந்த இடத்தில்தான் ஆசிரியர் ஆட்களை நமக்குப் பழக்கிவிடுகிறார். சுருக்குவது குற்றமில்லை, ஆனால் அதை அட்டையில் சொல்ல வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பாகங்களை எண்ணுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரா வாரம் வந்தது. 5 பாகம், 293 அத்தியாயம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரும் அச்சிடலாம், அதோடு யாரும் வெட்டலாம். கடையில் நிற்கும்போதே ஐந்தாம் பாகத்தின் கடைசியைத் திருப்புங்கள். 91ஆம் அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’ இருக்க வேண்டும். அது மணிமேகலையின் அத்தியாயம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்றால் 6 பாகமும் ஒரு முடிவுரையும்.

படம் பார்த்தது போதும் என்பது

2022இலும் 2023இலும் வந்த ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் இரண்டிலும் மணிமேகலை இல்லை.

பெயர்களில் தடுக்கி விழுவது

ரஷ்ய நாவலைக் கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் பெயருக்குப் பயந்தவர்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகவ், ரொதியோன் ரொமானவிச், ரோத்யா மூன்றும் ஒரே ஆள், கதாநாயகன். ரொமானவிச் என்பது தகப்பன் பெயரிலிருந்து வருவது. அதனால்தான் தங்கை துன்யா அவ்தோத்யா ரொமானவ்னா ஆகிறாள். தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதும் நமக்கு இது புதிதா என்ன? ஒரு துண்டுத் தாளில் ஆளுக்கொரு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். நூறு பக்கத்துக்கு அப்புறம் அந்தத் தாள் தேவைப்படாது.

முன்னுரையை முதலில் வாசிப்பது

முடிவைச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் வாசியுங்கள்.

நாவலைச் சரித்திரப் பாடமாக எடுப்பது

குந்தவையும் வந்தியத்தேவனும் கல்வெட்டில் இருக்கிறார்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனையில் பிறந்த பிள்ளைகள்.

நம் ஊர் நாவலைத் தெரியாமல் இருப்பது

தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதியவர் திருகோணமலைக்காரர், தி. த. சரவணமுத்துப்பிள்ளை. கதை நடப்பது நாயக்கர் காலத்தில். கல்கியை எதிர்பார்த்துத் திறந்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுவீர்கள், நடை அந்தக் காலத்தது. வாய்விட்டு வாசியுங்கள். எங்கள் விறாந்தையில் அப்படித்தான் வாசித்தோம், மூன்றாம் நாள் காது பழகிவிட்டது.

மூதூர்ப் பிள்ளைக்கு என் பொன்னியின் செல்வனில் முதல் இரண்டு பாகத்தையும் கொடுத்துவிட்டேன். நேற்று போன் எடுத்தாள். கோடிக்கரையில் பூங்குழலி படகைத் தள்ளிவிட்டாளாம், இனி விடியும்வரை வைக்க மாட்டேன் என்றாள்.