ஓடிபி சொல்லும் முன் ஒரு நிமிஷம்: புதுக் காரை சர்வீஸுக்கு விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவின் காரை முதல் வருஷ சர்வீஸுக்கு விட நானும் கூடப் போயிருந்தேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், வாங்கி 11 மாதம், ஓடியது 8,400 கிலோமீட்டர். காலை எட்டரைக்கு சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டோடு வந்தார். காரைச் சுற்றிப் போட்டோ எடுத்தார், ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்று பார்த்தார். "மேடம், டோட்டல் 9,650 வரும். போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். அதைச் சொன்னால் எஸ்டிமேட்டுக்கு நாம் சம்மதித்ததாகக் கணக்கு. அக்கா சொல்லப்போய்விட்டார்.

எஸ்டிமேட்டைக் காட்டச் சொன்னேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர் எல்லாம் சேர்த்து 3,250 ரூபாய். லேபர் இலவசம். மீதி 6,400 ரூபாய்க்கு ஆறு வரிகள்: ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன் 1,150, டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படிந்த கார்பனைக் கழுவுவது) 1,850, இன்ஜின் டிரெஸ்ஸிங் 450, இன்டீரியர் கிளீனிங் 1,350, எலி வராமலிருக்க ஸ்பிரே 650, வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் 950. அந்தக் காரின் மேனுவலில் முதல் வருஷத்துக்கு மாற்ற வேண்டியவை என்று சொல்லியிருப்பதில் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லை.

இவற்றுக்கு 'வேல்யூ ஆடட் சர்வீஸ்' என்று பெயர். கார் கம்பெனி போட்ட பராமரிப்பு அட்டவணையில் இல்லாமல் டீலர் தன் பக்கம் சேர்த்து விற்பவை. மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று அட்வைசருக்கு டார்கெட் இருக்கும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. காசு நம்முடையது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நம்முடையது. ஆனால் எதை வேண்டாம் என்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது அங்கேதான்.

மேனுவலைப் பிரிக்காமலே போவது

டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும். மேலே கிலோமீட்டரும் மாதமும், பக்கவாட்டில் பாகங்களின் பெயர்கள், கட்டங்களில் ஒற்றை ஆங்கில எழுத்துகள். பெரும்பாலும் 'ஐ' என்றால் எடுத்துப் பார்த்துச் சோதிப்பது, 'ஆர்' என்றால் மாற்றுவது. அட்டவணைக்கு மேலோ கீழோ அதன் விளக்கமும் இருக்கும். சர்வீஸுக்குப் போகும் முதல் நாள் இரவு பத்து நிமிஷம் இதைப் பாருங்கள். நம் கையிலிருந்து போகும் காசில் பாதி இந்த இரண்டு எழுத்துக்கு நடுவில்தான் போகிறது. ஏர் ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் 10,000 கிலோமீட்டரில் அதைக் கழற்றித் தூசி தட்டினால் போதும், மாற்றுவது 40,000-த்தில்தான். புழுதி ரோட்டிலேயே ஓடும் கார் என்றால் அதற்குத் தனி அட்டவணையே மேனுவலில் இருக்கும்.

இதிலேயே இன்னொரு தவறும் இருக்கிறது. "வண்டி 4,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவது. அட்டவணை கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பக்கத்துத் தெருவுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைந்துவிடும். அதனால் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து நிற்கும். அந்தக் காருக்குத்தான் ஆயில் மாற்றுவது முக்கியம். வருஷ சர்வீஸைத் தவறவிட்டால் வாரண்டி கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

8,000 கிலோமீட்டரில் டீகார்பனைசிங்

எஸ்டிமேட்டில் பெரிய தொகை இதற்குத்தான் இருக்கும், பயமுறுத்தலும் இதற்குத்தான் அதிகம். "உள்ளே கார்பன் சேர்ந்திருக்கும் சார், மைலேஜ் அடிவாங்கும்" என்பார்கள். கார்பன் எங்கே சேரும் என்று பார்ப்போம்.

நம் ஊரில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டர், இன்டேக் வால்வுக்கு (சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு) முன்னாலேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. வால்வின் முதுகை ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோலே கழுவிவிட்டுப் போகிறது. எட்டாயிரம் கிலோமீட்டரில் அங்கே மருந்து ஊற்றிக் கழுவ ஒன்றும் இருக்காது.

நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார்கள் வேறு. அவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து இறுகும். இந்தக் கார்களில் கார்பன் நிஜமான பிரச்சினைதான், ஆனால் அது பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு வருவது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் எந்தத் திரவமும் அந்த வால்வை எட்டவே எட்டாது. ஆகவே எந்த இன்ஜின் என்றே கேட்காமல் ஒரே பாட்டிலைக் காட்டி "எல்லாக் காருக்கும் நல்லது" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐடிலிங்கில் நடுக்கம், பிக்கப் குறைவு, செக் இன்ஜின் விளக்கு என்று அறிகுறி இருந்தால் அது புதுக் காரில் வாரண்டியில் பார்க்க வேண்டிய கோளாறு. அதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டி.பி.எஃப் (புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) அடைத்துக்கொள்வது ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டம் ஓட்டுவதால். அவ்வப்போது பைபாஸில் இருபது நிமிஷம் சீரான வேகத்தில் ஓட்டினால் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

ஏசி நாற்றத்துக்கு வாசனை அடிப்பது

ஏசி போட்டதும் ஈரச்சாக்கு நாற்றம் வருகிறதென்றால் உள்ளே கூலிங் காயில் (காற்றைக் குளிர வைக்கும் சுருள்) ஈரத்தோடு நிற்கிறது, அதில் பூஞ்சை பிடிக்கிறது. ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் மணக்கும். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் கூலிங் காயில் காய்ந்துவிடும். எங்கள் வீட்டில் இதைப் பழகிய பிறகு அந்த வாடை இல்லை.

கேபின் ஃபில்டரை நாமே பார்க்கலாம். அக்காவின் காரில் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, இருபக்கமும் உள்பக்கமாக அமுக்கினால் பெட்டி முழுசாகக் கீழே தொங்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி. அதைக் கழற்றி இழுத்தால் விசிறி மடிப்பு வைத்த ஃபில்டர் வெளியே வரும். எடுத்துப் பார்த்தபோது இரண்டு வேப்பிலைச் சருகும், மடிப்புக்குள் ரோட்டுப் புழுதியும் இருந்தன. மாடியில் தட்டித் திரும்பப் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. காற்று போகும் திசைக்கு ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும், திருப்பி மாட்டிவிடக் கூடாது.

அடிப்பக்கக் கோட்டிங், பளபளப்பு, எலி

தொழிற்சாலையிலேயே காரின் முழு உடம்பையும் பெயின்ட் தொட்டியில் முக்கி எடுத்து, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சைப் படிய வைக்கிறார்கள். சந்துபொந்துக்குள்ளும் அது போய்விடும். அடிப்பக்க இணைப்புகளுக்குத் தனிப் பூச்சும் உண்டு. அதற்கு மேல் ஒரு வருஷம் கழித்து, சேறும் ஈரமும் முழுசாகப் போகாத இடத்தில் கறுப்புப் பூச்சை அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவசரமாக அடிப்பவர்கள் அவற்றையும் அடைத்துவிடுவதுண்டு. திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதையே நான் சொல்வேன்.

செராமிக் கோட்டிங் போட்டால் கழுவ எளிது, பளபளப்பு நிற்கும். பிடித்திருந்தால் போடலாம். ஆனால் "9 ஹெச் கடினம், கீறலே விழாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த 9 ஹெச் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. பைக்காரர் ஹேண்டில் உரசினால் கீறல் விழத்தான் செய்யும். இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது பிளாஸ்டிக் மூடிகள் மின்னுவதற்கு அடிக்கும் ஸ்பிரே, வேறொன்றும் இல்லை.

எலி நிஜமான தொல்லை, ஒயரைக் கடித்தால் பெரிய செலவு. இன்ஜின் சூட்டில் ஸ்பிரே எத்தனை நாள் நிற்கும்? காருக்குள் பிஸ்கட் தூள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மூடிய ஷெட்டாக இருந்தால் இரவில் பானட்டைத் திறந்து வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து எச்சம் கிடக்கிறதா என்று பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வீல் அலைன்மென்ட்டை நான் ஒதுக்கமாட்டேன். நேர் ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தாலோ உடனே செய்யுங்கள். நல்ல மெஷின் வைத்திருக்கும் வெளி டயர்க் கடையிலும் செய்யலாம்.

"வெளியே பண்ணா வாரண்டி போயிடும்"

இந்த வாக்கியத்துக்குப் பயந்தே பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த வழக்கு எப்படியானாலும், டயர்க் கடையில் அலைன்மென்ட் செய்ததால் இன்ஜின் வாரண்டி போகாது. எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதேசமயம், வாரண்டி முடியும்வரை அட்டவணை சர்வீஸை மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்து பில்லைப் பத்திரப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். ஒயரை வெட்டி ஹாரன், விளக்கு, கேமரா மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே வாரண்டி மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" சொல்வது

ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை எதைச் சொன்னாலும் தட்டிவிடுகிறார்கள். இது மேலே சொன்னவற்றைவிடப் பெரிய தவறு. எக்ஸ்டெண்டட் வாரண்டி, அசல் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வாங்க வேண்டியது. தள்ளிப்போடப் போட விலை ஏறும், முடிந்துவிட்டால் பொதுவாகக் கிடைக்காது. டர்போ, ஆட்டோமேட்டிக், டச் ஸ்கிரீன் என்று எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த காரை ஐந்தாறு வருஷம் வைத்திருப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். மூன்று வருஷத்தில் விற்பவருக்கு வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விலை விசாரியுங்கள், ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆட்-ஆன்களை (கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்புகள்) உதறிவிடாதீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். கார் ஒரு வயசுதான் என்றாலும், பம்பர் உடைந்தால் அதன் விலையில் பாதி நம் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுப்பது அதற்குத்தான். இன்ஜின் புரொடெக்ட், சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்ததுதான்: வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சிலிண்டருக்குள் போய் இன்ஜின் உடைந்தால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும்.

அன்று அக்கா ஆறு வரிகளையும் நீக்கச் சொன்னார். அட்வைசர் இரண்டு முறை கேட்டார், பிறகு நீக்கினார். மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன்: "மேடம், ஏர் ஃபில்டர் ரொம்ப மோசம், மாத்திடட்டுமா?" "போட்டோ அனுப்புங்க தம்பி" என்றார் அக்கா. வந்த போட்டோவில் லேசான தூசிதான் இருந்தது. தட்டிப் போடச் சொன்னார்.

அடுத்த வருஷ சர்வீஸுக்கு அக்கா தனியாகவே போனார். எஸ்டிமேட்டில் ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன் இருந்தது, டீகார்பனைசிங் இருந்தது. பிரேக் ஆயில் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநிலை இறங்கும், மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது மிதி காலுக்கடியில் பஞ்சாகிவிடும். அந்தக் காரின் மேனுவலில் இரண்டு வருஷத்துக்கு நேராக 'ஆர்' என்று போட்டிருந்தது. அக்கா பக்கத்தைத் திருப்பிக் காட்டி, மற்ற இரண்டையும் அடித்துவிட்டு அதை எழுத வைத்தார்.