நாள் தள்ளினால் பயம், கொட்டித் தீர்த்தால் பொறுமை: மாதவிடாயிலும் கர்ப்பத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து நாள் தள்ளிப் போய்விட்டால் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் மாதாமாதம் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், "எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்து கரைகிறோம், உடனே டாக்டரிடம் போக வேண்டிய இடத்தில் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறோம். இதில் பாதிக்கு மேல் கணக்குக் குழப்பம்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். லேசாகக் கறை பட்ட நாளை விட்டுவிடுங்கள்; நன்றாகப் போகத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அடுத்த முறை தொடங்கும் வரை ஒரு சுழற்சி. பலர் போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணிவிட்டு, "எனக்கு 23 நாளிலேயே வந்துவிடுகிறது" என்று கலங்குகிறார்கள். போன ஐந்து நாட்களையும் சேர்த்தால் 28 ஆகிவிடும்.

அந்த 28-உம் எல்லாருக்குமான விதி கிடையாது. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள் வரைகூடப் போகலாம். ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 31 என்று வந்தால் அதை ஒழுங்கற்ற மாதவிடாய் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை, கர்ப்பமும் இல்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கூடுவது, பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளியாகாத ஹார்மோன் கோளாறு), திடீரென எடை குறைவது அல்லது கூடுவது, கடும் மன அழுத்தம் என்று காரணங்கள் பல.

கருமுட்டை 14-ஆம் நாள் வெளியாகும் என்று எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. முட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. 35 நாள் சுழற்சியில் அது 21-ஆம் நாள் வாக்கில் வரும், 24 நாள் சுழற்சியில் பத்தாம் நாளிலேயே வந்துவிடும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே குறுகிய சுழற்சி உள்ளவர் போக்கு நின்ற மறுநாளே சேர்ந்தாலும் கரு நிற்கலாம். "பாதுகாப்பான நாட்கள்" என்பதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மொபைல் செயலி காட்டும் நாளும் பழைய மாதங்களை வைத்துப் போட்ட ஊகம்தான்.

இன்னொரு கணக்கு குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்பிவிடும் அளவுக்குப் போகிறது. "அவர் ஊரிலிருந்து வந்தே நாலு வாரம்தான் ஆகிறது, ஸ்கேனில் ஆறு வாரம் என்று போட்டிருக்கிறார்களே?" இதைக் கேட்க முடியாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஸ்கேனில் தப்பு இல்லை, அந்தப் பெண்ணிடமும் தப்பு இல்லை. கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அன்று கரு உருவாகியே இருக்காது. முதல் இரண்டு வாரம் வெறும் கணக்குக்காகச் சேர்வது. கரு உண்டாகி நாலு வாரம் என்றால் ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று வருவதுதான் சரி. பிரசவத் தேதிக்குச் சொல்லும் 40 வாரம், அதாவது 280 நாளும் இதே முறையில் எண்ணியதுதான். இதை வீட்டிலுள்ள ஆண்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. நீண்ட சுழற்சி உள்ளவருக்கு முட்டை தாமதமாக வெளியாகியிருக்கும். தேதிப்படி ஏழு வாரம், ஸ்கேனில் ஐந்தரை வாரம், இதயத் துடிப்பு தெரியவில்லை. உடனே கரு வளரவில்லை என்று முடிவுகட்டி அழக் கூடாது. நாள் கணக்கில்தான் வித்தியாசமா என்று பார்க்க ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அதுவரை காத்திருப்பது கொடுமைதான், ஆனாலும் காத்திருக்க வேண்டும்.

கர்ப்பப் பரிசோதனைக் கார்டு

கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் ஹெச்சிஜி ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். முட்டை வெளியான 6 முதல் 12 நாளுக்குள் அது நடக்கும். அதற்கு முன்னால் எத்தனை கார்டு வாங்கிப் பார்த்தாலும் "இல்லை" என்றே காட்டும். நாள் தள்ளிய பிறகு, காலையில் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்துப்போய், இருப்பதும் தெரியாமல் போகலாம்.

கார்டில் சி, டி என்று இரண்டு இடம் இருக்கும். சி இடத்தில் கோடு விழவில்லையென்றால் அந்தக் கார்டு கெட்டது, தூக்கிப் போடுங்கள். அட்டையில் சொன்ன நேரத்துக்குள், பொதுவாக ஐந்து நிமிடத்துக்குள், டி இடத்தில் நிறத்தோடு ஒரு கோடு வந்தால் அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஹெச்சிஜி இருக்கிறது என்றுதான் அர்த்தம். குப்பையில் போட்ட கார்டை அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியக்கூடும். சிறுநீர் காய்ந்த தடம் அது. அதை நம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துப் புதுக் கார்டில் பாருங்கள். தொடக்கத்தில் அந்த ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், கோடும் அடர்த்தியாகும். குழந்தைப்பேறு சிகிச்சையில் ஹெச்சிஜி ஊசி போட்டவர்கள் டாக்டர் சொன்ன நாளுக்கு முன் பார்க்கவே கூடாது. ஊசி மருந்தே கோடு காட்டிவிடும்.

"ரத்தம் வந்துவிட்டது, அதனால் கர்ப்பம் இல்லை"

எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ரத்தம் வந்தால் அது மாதவிடாய்தான் என்ற எண்ணம் உயிருக்கே உலை வைக்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நாலு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு அளவில் ரத்தக் கசிவு இருக்கும். அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. சிலருக்குக் கருச்சிதைவின் தொடக்கமாக இருக்கும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். அது வளர வளரக் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்.

வழக்கமான தேதிக்கு முன்னே பின்னே, வழக்கத்தைவிடக் குறைவாக, கரும்பழுப்பாகப் போனால் கார்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் உறுதியாகி, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோள்பட்டை நுனியில் வலி வருவதைப் பலர் வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறார்கள். வயிற்றில் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியும் வலியாக அது இருக்கலாம்.

கருக்கலைப்பு மாத்திரையைத் தானே வாங்கிப் போடுவது இங்கேதான் ஆபத்தாகிறது. மாத்திரை போட்டதும் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் போகும், வேலை முடிந்தது என்று தோன்றும். குழாயில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது. கரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் போடவே வேண்டாம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், கர்ப்பத்தில் ரத்தம் போனாலோ கரு கலைந்தாலோ டாக்டரிடம் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடல் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அவசரக் கருத்தடை மாத்திரையும் கருக்கலைப்பு மாத்திரையும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. முன்னது முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவது. ஏற்கெனவே ஒட்டிய கருவை அது ஒன்றும் செய்யாது. அந்த வகையைச் சேர்ந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை, உடலுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். அதற்குப் பிறகு சேர்ந்தால் அந்தப் பழைய மாத்திரை காப்பாற்றாது. அடுத்த மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கார்டு பாருங்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கருத்தடைக்கு உதவாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. தோழியிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, இரவில் எழுந்து மாற்றுவது, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிய ரத்தக் கட்டிகள் விழுவது, ஏழு நாளுக்கு மேல் போக்கு. இவற்றில் எதுவும் உங்கள் "உடல்வாகு" ஆகாது. கர்ப்பப்பை நார்க்கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் கோளாறு என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த அளவு 11. படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதாகிவிட்டது என்று தள்ளிவிடுகிறோம், ஒரு ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

வலியும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு நாள் பிடித்து இழுப்பது இயல்பு. பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போக முடியாமல் சுருண்டு படுக்கவைக்கும் வலி இயல்பு அல்ல. கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது, கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிவிடுகிறது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று மகளிடம் சொல்லும் அம்மாக்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், அப்படிச் சொல்லாதீர்கள். மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்றவை வலி தொடங்கும்போதே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பச் சந்தேகமோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

பிசிஓஎஸ் என்றால் குழந்தையே பிறக்காது என்பதும் தவறு. முட்டை எப்போது வெளியாகும் என்று தெரியாது, அவ்வளவுதான். குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை அவர்களுக்கும் தேவை. பால் கொடுக்கும் தாய்க்கும் இதே எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளியாகிவிடலாம்.

கர்ப்பம் உறுதியான பிறகு

ஃபோலிக் ஆசிடைக் கார்டில் கோடு பார்த்த பிறகு தொடங்குவது தாமதம். பிறகு மூளையும் தண்டுவடமுமாக வளரும் கருவின் தண்டுவடக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். மேலே சொன்ன கணக்கில் அது ஆறாவது வாரம். பலருக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்களுக்கு அளவு கூடும், டாக்டர் சொல்வார்.

வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு மாத்திரைகளைக் குழந்தைக்கு ஆகாது என்று தாமாகவே நிறுத்துகிறார்கள். வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. தைராய்டு மாத்திரையின் அளவைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதும் உண்மைதான். அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகம் திடீரென வீங்குவது என எது வந்தாலும் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இவை கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோயின் அறிகுறியாக இருக்கலாம்; பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைகூட அது வரலாம்.

கடைசி மாதங்களில் இடம் போதாமல் குழந்தை அசைவு குறையும் என்று சொல்வார்கள். குறையாது. அசைவின் விதம் மாறலாம், ஆனால் பிரசவம் வரை குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் கருவி வைத்து இதயத் துடிப்பு கேட்டுவிட்டுச் சமாதானம் அடைவதும் வேண்டாம். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலம் என்று ஆகிவிடாது. நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பினால் நிம்மதியாக வீடு வாருங்கள். மறுநாளே மறுபடி குறைந்தால், மறுபடி போங்கள்.