பெக்கிங் ஆர்டர்: பார்சல் இல்லை, கோழி

இன்டர்வியூ முடித்து வந்த என் மச்சான் பையன், "பெக்கிங் ஆர்டர்னா என்னன்னு கேட்டாங்க மாமா, பார்சல் கட்டுற பேக்கிங்னு நினைச்சுப் பதில் சொல்லிட்டேன்" என்றான். சரி, வா என்று முதுநகரில் அத்தை வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன்.

நீங்களும் காலையில் நொய் இறைக்கிற நேரத்தில் கோழிகளைப் பாருங்கள். கிழட்டுப் பெட்டைதான் முதலில் வாய் வைக்கும். சாம்பல் கோழி கிட்டே வந்தால் மண்டையில் ஒரு கொத்து. சாம்பல் திருப்பிக் கொத்தாது, தனக்குக் கீழே இருக்கிற விடைக்கோழியைக் கொத்தும். கடைசிக் கோழி எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடியில் ஒதுங்கி நின்று, மிச்சத்தைப் பொறுக்கும். இந்தக் கொத்து வரிசைதான் பெக்கிங் ஆர்டர். நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் இதை ஜெர்மன் மொழியில் எழுதினார். மனிதர்களுக்கு அந்தச் சொல் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

எங்கே போடலாம்? எழுதி வைக்காத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த மேல்-கீழ் இருக்கிற இடத்தில். பதவிப் பட்டியல் வேறு, இது வேறு. ஓர் ஆபீஸில் சம்பளப் பட்டியலில் பியூன் பெயர் கடைசியில் இருக்கும், ஆனால் ஃபைல் நகர்வது அவர் கையில் என்றால் கிளார்க்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அங்கே பெக்கிங் ஆர்டரில் யார் மேலே என்று நீங்களே சொல்லுங்கள். ரேஷன் கடை க்யூவுக்கும் பள்ளிக்கூட ரோல் நம்பருக்கும் இதைப் போடாதீர்கள், அங்கே யாரும் யாரையும் கொத்துவதில்லை (ரேஷன் கடையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்).

கூட வரும் சொற்களையும் சேர்த்தே பழகுங்கள். கடைசி ஆள் என்றால் 'அட் த பாட்டம் ஆஃப் த பெக்கிங் ஆர்டர்'. டீமில் மவுசு குறைந்த ஆட்டக்காரர் என்றால் 'ஹி ஹாஸ் ஸ்லிப்ட் டவுன் த பெக்கிங் ஆர்டர்'. நடுவில் வருகிற 'த'வை விழுங்கிவிடாதீர்கள், நம்மில் பாதிப் பேர் விழுங்குகிறோம். அப்புறம், மேனேஜர் எதிரில் அவரை வைத்தே உதாரணம் சொல்ல வேண்டாம். இதில் லேசான கிண்டல் உண்டு.

வீட்டுக்குத் திரும்பியதும், எங்கே ஒரு வாக்கியம் சொல்லு என்றேன். கிணற்றடியில் சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தான். "இன் அவர் ஹவுஸ், அப்பா இஸ் அட் த பாட்டம் ஆஃப் த பெக்கிங் ஆர்டர்."

இலக்கணம் சரிதான்.