டியூப் செட்லர்ல ஃப்ளாக் மேல வருதா? முதல்ல இதைப் பாருங்க

டியூப் செட்லர்னா தண்ணி சுத்திகரிக்கற இடத்துல அழுக்கைப் படிய வைக்க தொட்டிக்குள்ள சாய்வா அடுக்கின டியூப் கட்டு. ஃப்ளாக்னா ஆலம் (படிகாரம்) போட்டதும் அழுக்கு ஒண்ணு சேர்ந்து உண்டாகற பஞ்சு மாதிரி திரள். சாதா தொட்டியில ஒரு ஃப்ளாக் அடியைத் தொட ரெண்டு மூணு மீட்டர் இறங்கணும். 60 டிகிரி சாய்வுல இருக்கற 50 மி.மீ. டியூபுக்குள்ள நேர் கீழ வெறும் 10 செ.மீ. விழுந்தாலே சுவர்ல உக்காந்துடும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனமாகி, மேல ஏறி வர்ற தண்ணிக்கு எதிரா சறுக்கி கீழ கொட்டும். சாய்வைக் குறைச்சா இன்னும் நல்லா படியும்தான், ஆனா சேறு சறுக்காம அங்கயே அடைச்சுக்கும்.

அந்த 10 செ.மீ. விழறதுக்குள்ள தண்ணி டியூபைத் தாண்டிட்டா துகள் தப்பிச்சிரும். அதனால மேல கலங்கலா வந்தா உடனே ஆலத்தை ஏத்தாதீங்க, தயவுசெஞ்சு. டியூபுக்குக் கீழருந்து ஒரு கண்ணாடி ஜார்ல தண்ணி எடுத்து வெளிச்சத்துல பிடிங்க. பொடிப்பொடியா மிதந்தா கோளாறு முன்னாடியே இருக்கு, ஆலம் டோஸ் சரியில்ல இல்லன்னா வழியில ஃப்ளாக் உடையுது, ஜார் டெஸ்ட் (பல ஜார்ல வேற வேற டோஸ் போட்டு எது நல்லா படியுதுன்னு பாக்கறது) போடுங்க. பெரிசு பெரிசா நல்லா இருந்தும் மேல வந்தா ஃப்ளோ அதிகம், இல்லன்னா அடியில சேறு டியூப் வரைக்கும் ஏறிடுச்சு, டிரெயின் பண்ணுங்க.

ஒரே பக்கம் மட்டும் கலங்குதா? வியர் (மேல தண்ணி வழிஞ்சு வெளிய போற விளிம்பு) லெவல் பாருங்க, தாழ்ந்த பக்கம்தான் தண்ணியை இழுக்கும். வெயில்ல பாசி பிடிச்ச டியூபும் அடைச்சு பக்கத்து டியூப்ல வேகத்தைக் கூட்டிரும். தண்ணியை டியூபுக்குக் கீழ இறக்கிட்டு மெதுவா ஹோஸ் அடிங்க, ஹை பிரஷர் வேண்டாம், பிளாஸ்டிக் கிழிஞ்சிடும்.