போர்த்துக்கேய மொழியின் 'ஜா'வைப் பிழையில்லாமல் பாவிக்க

'ஜா' என்ற வினையடைக்கு ஆங்கில அகராதியைப் புரட்டவேண்டாம். எங்கள் பேச்சிலுள்ள 'ஆச்சு' போதும். 'சாப்பிட்டாச்சா?' என்பதை லிஸ்பனில் 'ஜா குமெஷ்த்?' என்று கேட்பார்கள். ஆச்சு என்றால் 'ஜா' என்ற ஒற்றைச் சொல்லே பதில். இல்லையென்றால் 'அயிந்த நௌங்', இன்னும் இல்லை.

உச்சரிப்பில் கவனம். போர்த்துக்கேயரின் 'ஜனேலா'தான் எங்கள் ஜன்னல். திருகோணமலையில் அதை யன்னல் என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு 'ஜா'வும் 'யா' ஆகிவிடும். 'ஷ' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, அண்ணத்தைத் தொடாமல், குரலை அதிரவிடுங்கள்.

சாப்பிட்டாச்சு என்பதற்கு எளிய இறந்தகாலமே போதும்: 'ஜா குமி'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'ஜா தெஞு குமீது' என்று கட்டுவார்கள். 'தெஞு குமீது' என்றால் கொஞ்சநாளாகச் சாப்பிட்டு வருகிறேன் என்ற பொருள், கேட்பவர் குழம்புவார்.

நிகழ்கால வினையோடு வந்தால் 'ஜா' உடனடியைக் காட்டும். யாராவது கூப்பிட்டால் நாங்கள் 'இந்தா வாறன்' என்போம். அவர்கள் 'ஜா வோ', அதாவது இந்தா போறன். இங்கே வருதல் வினையைப் போட்டால் பிழை. ஏவலில் 'ஜா' பின்னுக்குப் போகும்: 'வெய்ங் ஜா!' இப்பவே வா! பெரியவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், அதட்டல் மாதிரி இருக்கும்.

அதிகம் சறுக்குவது எதிர்மறையில். 'ஜா நௌங்' என்றால் 'இனி இல்லை'. 'ஜா நௌங் ஃபூமு': இப்போது புகைப்பதில்லை, முன்பு புகைத்தேன். இன்னும் சாப்பிடவில்லை என்று நினைத்து 'ஜா நௌங் குமி' என்றால், நேரம் போய்விட்டதால் சாப்பிடாமலே விட்டுவிட்டேன் என்றாகிவிடும். பிறகு தட்டு வராது! பிரேசிலில் 'இனி இல்லை'க்கு வினையின் பின்னால் 'மைஸ்' சேர்ப்பதே பேச்சுவழக்கு.

திருகோணமலை, மட்டக்களப்புப் பறங்கியர் (போர்த்துக்கேய வழிவந்தவர்கள்) பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியில் 'ஜா' வினைக்கு முன் ஒட்டி இறந்தகாலத்தையே காட்டும். அது அந்த மொழியின் சொந்த இலக்கணம், சிதைவு அல்ல. அந்தப் பழக்கத்தோடு லிஸ்பன் வழக்கைப் படிப்பவர்கள், வெறும் 'நேற்று வந்தேன்' என்பதற்கு 'ஜா' தேவையில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி.

விடைபெறும்போது 'அத்தெ ஜா' சொல்வது சற்று நேரத்தில் திரும்பச் சந்திப்பதென்றால்தான். நாளைக்கென்றால் 'அத்தெ அமஞா'.