கோட்டுக்கு வெளியே நிற்கிற வேலை

"அக்கா, ஐபிஎல் டீமுக்கு பிசியோவாகப் போக என்ன கோர்ஸ் படிக்கணும்?"

போன மாதம் என் கிளினிக்குக்கு வந்த பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) மூன்றாம் வருட மாணவன் உட்காருவதற்கு முன்பே கேட்டது இது. கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துப் பையன், தினமும் பஸ் ஏறி கோயம்புத்தூர் போய்ப் படிக்கிறான். கடைசியாக மைதானத்தில் நின்று பார்த்த மேட்ச் எது என்று கேட்டேன். "போனில்தான் அக்கா" என்றான். சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம் என்றேன். அன்று பாதியும் அப்புறம் வாட்ஸப்பில் மீதியுமாக அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கிளினிக் அதே எல்லைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். பதினொரு வருடமாகிறது. காலையில் கழுத்துவலி, தோள் இறுக்கம், பக்கவாதம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டக்காரர்கள், கபடிக்காரர்கள், ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கூடப் பெண்கள். காலை வருமானம் இல்லாவிட்டால் சாயங்கால வேலையைத் தாக்குப்பிடிக்க முடியாது. திட்டம் போடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

கோர்ஸ் தேடுவதற்கு முன்னால் ஒரு விளையாட்டைப் பிடியுங்கள். இரண்டு பிடித்தாலும் சரி. எல்லை ஓரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நவம்பரிலிருந்து மே வரை பாலக்காடு, மலப்புறம் பக்கம் செவன்ஸ். பொங்கலை ஒட்டி பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கபடி. ஓட்டமும் தாண்டுதலும் என்றால் பாலக்காடு மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் சிந்தெடிக் டிராக் இருக்கிறது; பறளி, முண்டூர் பள்ளிப் பிள்ளைகளின் பெயர் கேரளா முழுக்கத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ். பெரிய நகரத்து மாணவர்களுக்கு இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதில்லை.

மைதானத்துக்குப் போய் "வேலை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். எந்தக் கோச்சும் மாணவனிடம் ஆட்டக்காரனின் காலைக் கொடுக்க மாட்டார். நான் வேறு வழியாக உள்ளே நுழைந்தேன். ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது. பதினைந்து பயிற்சிகள், மூன்று பகுதிகள், மொத்தம் 20 நிமிடம்: எட்டு நிமிடம் மெதுவோட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும் குதித்தலும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. காசு வேண்டாம், கருவி வேண்டாம். "பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கட்டுமா சார்" என்று ஒரு பள்ளிக் கோச்சிடம் கேட்டேன். மூன்றாவது வாரம் அவரே, "அந்தப் பையனோட முட்டியக் கொஞ்சம் பாரும்மா" என்றார்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஆட்டம், எந்த நிமிடம், எப்படி விழுந்தான், எந்த இடம், அங்கேயே என்ன செய்தார்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்ப ஆடினான். பெயர் வேண்டாம், ஜெர்சி நம்பர் போதும். என் முதல் நோட்டைப் புரட்டினால் கணுக்கால், கணுக்கால், தொடையின் பின்சதை, கணுக்கால் என்றுதான் போகும். பாதிக்கு மேல் கடைசிப் பத்து நிமிடத்தில் நடந்தவை. பாடப் புத்தகம் களைப்பைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்னாளில் எம்பிடி (பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) நேர்முகத்தில் என் மதிப்பெண் பட்டியலைவிட இந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

மொழியையும் சேர்த்துப் படியுங்கள். நம் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்களுக்கே இதில் வழுக்கும். மலையாளத்தில் ஒருவன் "நீருண்டு" என்றால் வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம். "உளுக்கு" நம் சுளுக்கு. "தரிப்பு" என்றால் மரத்துப்போவது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கபடிக்காரன் "பிடிச்சுக்கிச்சு" என்று ஒரே வார்த்தையை தசைப்பிடிப்புக்கும் சொல்வான், சதை கிழிந்ததற்கும் சொல்வான். எங்கே, எப்போது, சத்தம் கேட்டதா, அதற்கப்புறம் ஓடினாயா என்று நான்கு கேள்வி கேட்டால்தான் எது என்று பிரியும்.

மைதானத்தில் முதலில் கை வரவேண்டிய காரியம் எலும்பு முறிவைச் சந்தேகிப்பது. கணுக்கால் மடங்கி ஒருவன் உட்கார்ந்துவிட்டான் என்று வையுங்கள். ஒட்டாவா (Ottawa) விதி என்று ஒன்று இருக்கிறது, முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யலாம். கணுக்காலின் உள்பக்கம், வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எலும்பிலேயே வலிக்கிறதா? அப்புறம் பாதத்தில் இரண்டு இடம்: சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளி ஓரத்தில் ஓடும் எலும்பின் அடிப்பகுதி, உட்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் நேவிகுலர் எலும்பு. கடைசியாக எழுப்பி நாலு அடி நடக்கச் சொல்லுங்கள்; நொண்டினாலும் பரவாயில்லை. எலும்பில் வலி இருந்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எண்ணெயோடு வந்து உருவிவிட உட்கார்ந்துவிடுவார். அவரிடம் சண்டை போடாதீர்கள். "எக்ஸ்ரே எடுத்துட்டு வரட்டும் ஐயா, அப்புறம் உங்ககிட்டயே அனுப்புறேன்" என்றால் விட்டுவிடுவார். தலையில் அடிபட்டவன் விஷயத்தில் மட்டும் யாரிடமும் பேரம் கிடையாது. தலைசுற்றல், குழப்பம், பார்வை மங்கல் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

பையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அகலம் 3.8 சென்டிமீட்டர் வெள்ளை டேப், கிரேப் பேண்டேஜ், நல்ல கத்தரி, கையுறை, காஸ் துணி, சிபிஆருக்கு (நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) முகத்தில் வைக்கும் மாஸ்க், ஒரு பெட்டி ஐஸ். கலர் டேப்பை எல்லாம் கடைசியாக வாங்கிக்கொள்ளலாம். டிவியில் தெரிவதால் அதற்கு மவுசு அதிகம்.

இனி நான் கோட்டைவிட்ட கதை. கிளினிக் ஆரம்பித்த இரண்டாம் வருடம். ஒரு செவன்ஸ் அணியின் விங்கர், ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் தசைநார்) ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, நேர்கோட்டில் நன்றாக ஓடுகிறான். செமிஃபைனல் வருகிறது, மேனேஜர் தினமும் போன். "ஒரு பாதி மட்டும் ஆடட்டும்" என்று சொல்லிவிட்டேன். இருபதாவது நிமிடம் பந்தைத் திருப்ப ஒற்றைக் காலில் நின்று சுழன்றான். அந்தச் சத்தம் கேலரி வரைக்கும் கேட்டது என்று இன்றும் சொல்வார்கள். இரண்டாம் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் ஆட வரவே இல்லை. மேனேஜர் அழுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் அளந்து பார்க்காமல் சரி சொன்னது நான்.

இப்போது அளக்கிறேன். கிளினிக் தரையில் சாக்பீஸ் கோடு, தையல்காரரின் இஞ்ச் டேப். ஒற்றைக் காலில் ஒரு தாவல், அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். மூன்று முறை தாவவைத்து நல்லதை எடுக்கிறேன். போன வருடம் ஒரு கபடிப் பையன், ஏழாவது மாதம்: நல்ல கால் 181 சென்டிமீட்டர், ஆபரேஷன் செய்த கால் 142. வகுத்தால் 78 சதவீதம். குறைந்தது தொண்ணூறு சதவீதம் வேண்டும். அதுவும் இந்த ஒரு தாவலில் மட்டுமில்லை. மூன்று தாவல், குறுக்குத் தாவல், ஆறு மீட்டரை நேரம் வைத்துத் தாண்டுவது, தொடைவலு என எல்லாவற்றிலும். 2016-ல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தப் பையனின் அப்பாவை உட்காரவைத்து இஞ்ச் டேப்பையே காட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கும் மசியாதவர்களுக்கு நீளம் தாண்டும் நம்ம பாலக்காட்டு ஸ்ரீசங்கரைச் சொல்வேன். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கியவர். 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்கால் போய், ஆபரேஷனாகி, பாரிஸ் ஒலிம்பிக்கே கைநழுவியது. போட்டிக்குத் திரும்பியது 2025 ஜூலையில். அவருக்கே ஒரு வருடத்துக்கு மேல் என்றால் உன் மகனுக்கு என்ன அவசரம்?

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பிபிடி முடித்த கையோடு எம்பிடி ஸ்போர்ட்ஸ் சேராதீர்கள் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. ஒரு வருடமாவது, முடிந்தால் இரண்டு, எலும்பு மருத்துவப் பிரிவு பலமாக இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பாருங்கள். ஆபரேஷனான முதல் நாள் முழங்காலைத் தொட்டுப் பழகாதவருக்கு ஏழாவது மாதத்து முழங்கால் புரியாது. இன்டர்ன்ஷிப்பிலேயே சர்ஜனிடம் கேட்டு, ஒரு ஏசிஎல் ஆபரேஷனை ஓரமாக நின்று பார்த்துவிடுங்கள்.

எம்பிடி இரண்டு வருடம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் சீனியர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அணியோடு அனுப்புகிறார்கள்? வருடத்தில் எத்தனை நாள் மைதானம்? சிகிச்சை செய்யவிடுகிறார்களா, தண்ணீர் பாட்டில் தூக்கவிடுகிறார்களா? சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியலுக்கென்றே தனி மையம் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பதிவு விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபியையும் தன் கீழ் கொண்டுவந்திருக்கிறது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கேரளாவில் வீடு, தமிழ்நாட்டில் படிப்பு என்றிருப்பவர்கள் எங்கே வேலை பார்க்கப் போகிறோமோ அந்த மாநிலத்து நடைமுறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சர்டிபிகேட்டுகளில் இலவசமானவற்றை முதலில் முடியுங்கள். ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவ டிப்ளமோ இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஊக்கமருந்து விதிகளைப் பற்றி உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவும் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்த இருமல் சிரப்பால் ஆட்டக்காரர் மாட்டிக்கொண்டாலும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் வலுப் பயிற்சி கொடுப்பவர்களுக்கான சிஎஸ்சிஎஸ் என்ற சான்றுப் பரீட்சை. பட்டமும் சிபிஆர் சான்றும் இருந்தால் எழுதலாம். சனி ஞாயிறு இரண்டு நாளில் தசையில் ஊசி குத்துவது, கப்பிங் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சுவது) என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளுக்கு நான் தொடக்கத்தில் நிறையச் செலவழித்தேன். அந்தப் பணத்தில் ஒரு நல்ல டிரெட்மில் வாங்கியிருக்கலாம்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு: அங்கே லைசென்ஸ் பரீட்சை தனி, விளையாட்டு நிபுணர் சான்று தனி. இரண்டாவதுக்கு, லைசென்ஸ் வாங்கிய பிறகு விளையாட்டுத் துறையில் 2,000 மணி நேர நேரடிச் சிகிச்சை அல்லது அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி வேண்டும். வளைகுடா பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தெருவிலேயே விவரம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

வேலை பெரும்பாலும் விளம்பரத்தில் வராது. வயதுப் பிரிவுத் தேர்வு முகாம்கள், மாவட்டச் சங்கங்கள், விளையாட்டு விடுதிகள், அகாடமிகள் என்று கீழிருந்துதான் ஏற வேண்டும். பெண் பிசியோக்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்கள் அணியில் டிரஸ்ஸிங் ரூம் வரைக்கும் தினம் ஒரு சங்கடம் வரும், ஆனால் பெண்கள் அணிகள் பெண் பிசியோவுக்காகக் காத்திருக்கின்றன. எனக்குக் கிடைத்த முதல் மாவட்ட முகாம் பெண்கள் ஹேண்ட்பால்தான்.

பணத்தை முன்பே பேசுங்கள். என் முதல் சீசனில் மேட்சுக்கு 500 ரூபாய் என்றார்கள், பல நாள் பரோட்டாவோடு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரே பக்கத்தில் எழுதி வாங்குகிறேன்: எத்தனை நாள், எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, டேப்பும் ஐஸும் யார் வாங்குவது. அதற்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ஆடலாமா கூடாதா என்பதை மேட்சுக்கு முந்தைய நாள் மாலைக்குள் சொல்வேன், அதற்கப்புறம் அதற்காக எனக்குப் போன் செய்யக் கூடாது. அதைப் படித்துவிட்டு இரண்டு அணிகள் என்னை வேண்டாம் என்றன. வேலந்தாவளத்துப் பையன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வார்ம்-அப் சொல்லிக்கொடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கியாகிவிட்டது என்று நேற்று மெசேஜ் போட்டிருக்கிறான்.